பெரியம்மா போட்ட வெள்ளைப் பட்டை

“பெரியம்மா எனக்குச் சொந்தம்னு சொல்லணுமா, சொல்லக் கூடாதா?”

நீதிமன்றத் தாழ்வாரத்தில் என் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவன் கையில் விலங்கு. விலங்கின் மறுமுனையைப் பிடித்திருந்த போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும்தான் எங்களுக்குப் பேச நேரம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ தீர்ந்தது. “போலாமா தம்பி?” என்று ஏதோ சினிமாவுக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு அவனை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

அண்ணன் ஏன் அப்படிக் கேட்டான் என்று புரிய வேண்டுமானால் பெரியம்மா யார் என்று தெரிய வேண்டும். நான் எழுத வந்ததும் அவரைப் பற்றித்தான்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அண்ணனைக் கொண்டுபோன அதே சிறையில் வேலை பார்த்தவர். சாவிக்கொத்தோடு சுற்றும் வேலை இல்லை, மேசை வேலை. புதிதாக உள்ளே வருகிற ஒவ்வொருவரும் துணி மாற்றி, கைரேகை வைத்துவிட்டு, கடைசியாக அவருடைய மேசைக்கு எதிரே வந்து உட்கார வேண்டும். அங்கே ஓர் இரும்பு ஸ்டூலைத் தரையோடு சேர்த்துத் திருகி வைத்திருந்தார்கள், யாரும் தூக்கி அடித்துவிடக் கூடாது என்று. பெரியம்மா கேள்வி கேட்பார். முன்பு உள்ளே வந்ததுண்டா, யாரையாவது காயப்படுத்தியதுண்டா, உள்ளே யாரைக் கண்டாவது பயமா, என்ன நோய், என்ன மருந்து. பதிலைக் கேட்டுவிட்டு, ஆளையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டுவார்.

வெள்ளைப் பட்டை என்றால் சாதாரண ஆள். நான்கு பேர் தங்கும் அறை, கம்பிக் கதவு, பகலில் பட்டறையில் வேலை. மஞ்சள் என்றால் ஒரு கண் வைத்திருக்க வேண்டியவர். சிவப்பு என்றால் முரடர், அவர்களுக்கு வேறு பிளாக், வேறு சட்டம். நீலம் நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும். கடைசியில் சாம்பல். மற்ற கைதிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டியவர்களுக்கு அது. எப்படிக் காப்பாற்றுவார்கள் என்றால், யாரோடும் சேர்க்காமல் தனியறையில் போட்டு இரும்புக் கதவைச் சாத்திவிடுவார்கள். கதவில் சாப்பாடு தள்ள ஒரு சிறிய திறப்பு மட்டும் உண்டு.

உள்ளே இருப்பவர்கள் பெரியம்மாவுக்கு வைத்த பெயர் ‘தராசு’. “தராசு இன்னிக்கு எப்படி இருக்கு? நேரா நிக்குதா, சாயுதா?” என்று வரிசையில் நிற்பவர்கள் கிசுகிசுப்பது அவர் காதில் விழுமாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். ஒருவனிடம் “ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா?” என்று கேட்டாராம். அவன் வெட்கப்பட்டு, “கவிதை எழுதுவேங்க” என்றானாம். “வெள்ளை போடறேன். ஆனா ராத்திரியில வாசிச்சுக் காட்டாதீங்க, கூட இருக்கறவங்க சிவப்பு ஆயிடுவாங்க” என்றாராம் பெரியம்மா.

அவருக்கு அந்த வேலையில் நம்பிக்கை இருந்தது. “திருடனையும், தெரியாம ஒரு தடவை திருடினவனையும் ஒரே ரூம்ல போட்டா அது ஜெயில் இல்லடி, காலேஜ்” என்பார். “நான் தப்பா போட்டா ஒரு சின்னப் பையன் கெட்டுப் போவான். இல்ல, அடிபட்டுச் சாவான். நீதிபதி வருஷத்தைத்தான் சொல்றாரு. அந்த வருஷம் எப்படிப் போகும்கறது என் மேசையில இருக்கு.”

வீட்டிலும் இந்தப் புத்தி போகாது. குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று பெரியம்மாதான் முடிவு செய்வார். “சின்ன மாமாவையும் அவங்க சம்பந்தியையும் ஒரே வரிசையில போடாத. நடுவுல காது கேக்காத தாத்தாவ வை” என்பார். சண்டையே வராது. பெரியப்பா ஒரு நாள் வேலைக்குப் போனவர் வேறொரு குடும்பத்தோடு குடியேறிவிட்டார். அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், “ஊர்ல இருக்கறவன் எல்லாரையும் எடை போட்டேன், வீட்ல இருந்தவர விட்டுட்டேன்” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவருக்குக் குழந்தை இல்லை. அண்ணன் கைக்குழந்தையாகவும் நான் அம்மா வயிற்றிலும் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டதால் அம்மா ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணனை வளர்த்தது பாதிக்குமேல் பெரியம்மாதான். அவனுக்கு முதலில் வந்த வார்த்தையே ‘பெம்மா’ என்பதில் அம்மாவுக்கு இன்றும் லேசான வருத்தம் உண்டு.

இனி சாம்பல் பட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு சிறைக் காவலரின் தம்பி ஏதோ வழக்கில் உள்ளே வந்தான். யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்காமல் எல்லோரோடும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அவன் காவலரின் தம்பி என்று தெரிந்ததும், மற்ற கைதிகள் அந்தக் காவலர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் தம்பியின் விரல்களை ஒடித்துக் காட்டிவிட்டார்கள். அதன்பிறகு, “இங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது உங்களுக்குச் சொந்தமா?” என்ற கேள்வியையும் கேட்க வேண்டும், ஆம் என்றால் சாம்பல் போட வேண்டும் என்று மேலதிகாரியிடம் நடையாய் நடந்து சேர்க்க வைத்தவர் பெரியம்மா. அதைப் பெருமையாகவே சொல்வார். அண்ணனும் நானும் பலமுறை கேட்டிருக்கிறோம். அதனால்தான் அவன் தாழ்வாரத்தில் அப்படிக் கேட்டான்.

அண்ணன் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். முன்பு ஒருமுறை அங்கேயிருந்த குளிர் அறைக்குள் அவன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். திறந்தபோது உயிரோடு இருந்தான், அவ்வளவுதான். அன்றிலிருந்து மூடிய கதவு அவனுக்கு ஆகாது. தூங்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போட மாட்டான். யாரும் தெரியாமல் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று குளித்து முடிக்கும் வரைக்கும் கத்திப் பாடுவான். “பாட்டு நின்னா சோப்பு கண்ணுல போயிருச்சுன்னு அர்த்தம்” என்று கேலி செய்வோம்.

கிடங்கு மேற்பார்வையாளர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்தார். இவன் தள்ளிவிட்டான். அவர் சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து பின்பக்கமாக விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. யார் முதலில் கை வைத்தார்கள் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. வழக்கு அண்ணன்மேல் விழுந்தது. அன்றைக்கே கைது, அன்றைக்கே ரிமாண்ட்.

வேன் கிளம்பியதும் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிறைக்குள் வேலை பார்ப்பவர்கள் போனை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே அண்ணன் கைதான விஷயமே தெரியாமல் பெரியம்மா அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். அங்கே நடந்ததை அவர் பின்னால் எனக்குச் சொன்னார். ஒருமுறை இல்லை, பலமுறை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொன்னார்.

வரிசையில் நின்றவர்களைத் தலை நிமிராமலே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். “அடுத்தது” என்றார். ஸ்டூலில் வந்து உட்கார்ந்த ஆளின் கால்விரல்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. அந்தக் கால்களுக்குப் பல வருடம் நகம் வெட்டிவிட்டவர் அவர்.

வாசலில் ஒரு காவலர் நின்றிருந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

“என்ன வேலை?” என்று கேட்டார் பெரியம்மா.

“கிடங்குல… பெரி…”

“பெரிய கிடங்கா, சின்ன கிடங்கா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். தன்னிடம் அவர் ‘சொல்லுங்க’ என்று சொன்னதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டிருப்பான்.

“நோய் ஏதாவது?”

“நோய்னு இல்லங்க. கதவு சாத்தினா…”

“தெரியும்” என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, “அதெல்லாம் நோய் இல்ல” என்றாராம்.

பிறகு அந்தக் கேள்வி. நியாயமாகப் பார்த்தால் பெரியம்மா அப்போதே எழுந்து, “இவன் என் தங்கச்சி மகன், வேற யாராவது வந்து உட்காருங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்த நொடியே சாம்பல் பட்டை. இரும்புக் கதவு. அண்ணனுக்கு அந்தக் கதவு என்னவென்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“இங்க வேலை பார்க்கறவங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா?”

கேட்டுக்கொண்டே, ஈ விரட்டுவது போலத் தலையை லேசாக அசைத்தாராம். அண்ணன் புரிந்துகொண்டான்.

“இல்லங்க.”

வெள்ளைப் பட்டையை எடுத்து அவரே மாட்டிவிட்டார். “கையைத் தொட்டேன்டி. ஜில்லுன்னு இருந்துச்சு” என்று சொன்னார்.

அவனை மூன்றாம் பிளாக்கில் போட்டார். கூட இருப்பவர்களையும் தேடித் தேடித்தான் வைத்தார். செக் வழக்கில் வந்த ஒரு தையல்காரர், குடித்துவிட்டு வண்டியை ஓட்டிய ஓர் ஓட்டுநர், யாரிடமும் பேசாத ஒரு தச்சர். கம்பிக் கதவு, காற்று வரும், எதிரே விளக்கு எரியும். அந்தச் சிறையில் இதைவிட நல்ல இடம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு நேராக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னார்.

“நல்ல இடத்துல போட்டிருக்கேன். ஜாமீன் கிடைக்கற வரைக்கும் சமாளிச்சுடலாம். ஒண்ணே ஒண்ணு. நான் உனக்கு அக்கான்னு அங்க யார்கிட்டயும் மூச்சு விடாத.”

“நான் ஏன்க்கா சொல்லப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?”

“பைத்தியக்காரங்க சொல்ல மாட்டாங்க. நீ சொல்லிடுவ.”

அன்றைக்கு இரண்டு பேருமே கொஞ்சம் சிரித்தார்கள்.

அதன்பிறகு வந்த பார்வையாளர் நாளில் அம்மாவும் நானும் போனோம். வாரம் முழுக்க வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று சுவர் கட்டிப் பிரித்து வைக்கிறார்களே, பார்வையாளர் நேரத்தில் மட்டும் எல்லோரையும் ஒரே கூடத்துக்குத்தான் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு கம்பி வலை, எங்களுக்கு ஒரு கம்பி வலை, நடுவில் ஒரு காவலர் நடக்கிற அளவுக்கு இடைவெளி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அடுத்தவர் கத்துவதைவிடச் சத்தமாகக் கத்தினால்தான் நம் ஆளுக்குக் கேட்கும்.

அண்ணன் முதலில் சிரித்தான். தையல்காரர் நல்லவர் என்றான், சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாராம். “எதுக்குடா பட்டன் பிஞ்சது?” என்று அம்மா கேட்டதும் முகம் கோணி அழ ஆரம்பித்துவிட்டான். இருபத்துநாலு வயது ஆள் வலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“முடியலம்மா. என்னை எப்படியாவது வெளிய எடு.”

என் அம்மா கெட்டவர் இல்லை. அவசரக்காரர். மகன் அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாதவர்.

“பயப்படாதடா! பெரியம்மா உள்ளதான இருக்கா! உன்ன வெள்ளையில போட்டதே அவதான! அவ பாத்துக்குவாடா!”

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார். அண்ணனுக்கு இடப்பக்கம் நின்றிருந்த ஒருவன் தன் மனைவியோடு கத்திப் பேசிக்கொண்டிருந்தவன், பாதி வாக்கியத்தில் நிறுத்தினான். கழுத்தைத் திருப்பி அண்ணனை மேலிருந்து கீழாகப் பார்த்தான். அவன் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா, “அவ்வளவு சத்தத்துல யாருக்குக் கேட்டிருக்கும்?” என்றார். நான் அங்கிருந்தே பஸ் பிடித்துப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்த ஆளின் அடையாளத்தையும் சொன்னேன், புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று.

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சுத்தியல்” என்றார். “அவனை உள்ள அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

சுத்தியலுக்குச் சிவப்புப் போட்டது பெரியம்மா. லாரி கிளீனர், ஒரு தகராறில் ஆளைக் கத்தியால் குத்திவிட்டு வந்தவன். சிவப்புப் பட்டைக்காரர்களை வீட்டில் சாவு விழுந்தாலும் வெளியே விட மாட்டார்கள். அவனுடைய அம்மா இறந்தபோது விடவில்லை.

“அவனுக்குச் சிவப்பு போட்டது சரிதான். இன்னிக்கு வந்தாலும் அதான் போடுவேன்” என்றார் பெரியம்மா. பிறகு, “ஆனா அவங்கம்மா செத்த அன்னிக்கு அவன் கத்தினது என் மேசை வரைக்கும் கேட்டுச்சு” என்றார்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் அவர் செய்த முதல் காரியம், துணை அதிகாரியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னது. வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னார். அண்ணனைத் தனியறையில் போட வேண்டாம், வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றிவிடுங்கள், அங்கே அவனை யாருக்கும் தெரியாது என்று கெஞ்சினார்.

துணை அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாராம்: “மிரட்டல் ஏதாவது வந்துச்சா?”

“இன்னும் வரல சார். வரும்.”

“வரட்டும்மா. வந்தாத்தான் அவசர மாற்றம் பண்ண முடியும். சட்டம் உங்களுக்குத் தெரியாததா? இல்லன்னா அடுத்த வாரம் இட மாற்றக் குழு கூடும். அதுல வைப்போம்.”

“அதுவரைக்கும் சார்?”

“சாம்பல் வேண்டாம்னா அதுவரைக்கும் நீங்க போட்ட பட்டைதானே?”

பெரியம்மா அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது அவருடைய மேசையில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். வாசலில் போனை எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

சிவப்புப் பிளாக்கிலிருந்து மூன்றாம் பிளாக்குக்கு ஆள் வர முடியாது. ஆனால் சுத்தியல் சொல்லி அனுப்பும் பேச்சு வரும். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லாப் பிளாக்குக்கும் போகிறவர்கள் வெள்ளைப் பட்டைக்காரர்கள். நம்பத் தகுந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்த வேலை. குழு கூடுவதற்கு முன்பே, குளிக்கும் தொட்டிக்கு அருகில், தண்ணீர் நிறைந்த இரும்பு வாளியால் அண்ணனை அடித்தார்கள். தாடை உடைந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வந்தது, அந்தக் காது இனிக் கேட்காது. தடுக்கப் போன தையல்காரருக்கும் கை முறிந்தது.

அடித்த மூன்று பேரும் வெள்ளைப் பட்டை. அவர்களுக்கு அதைப் போட்டதும் பெரியம்மாதான். அந்தச் செய்தியைக் கேட்டபோது அவர் அழவில்லை. அந்த மூன்று பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து என்னென்ன பதில் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தார். “ஒருத்தன் பேக்கரியில ரொட்டி போடறவன். பொண்ணுக்குத் தலை பின்னத் தெரியும்னு சொன்னான். நான் எங்க தப்பா பாத்தேன்? சொல்லுடி, எங்க?” என்று என்னைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைத் திரும்பக் கொண்டுவந்த அன்றே சாம்பல் பட்டை மாட்டித் தனியறையில் போட்டார்கள். அவனைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்றார்கள். அடித்தவர்கள் மூவரும், அவன்தான் முதலில் கை ஓங்கினான் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஆகவே உள்ளே அடிதடியில் ஈடுபட்டவன் என்று அவன்மேல் இன்னொன்றும் சேர்ந்தது. வக்கீல் ஜாமீன் கேட்டபோது நீதிபதி அதைத்தான் காட்டினார்.

அம்மா பல நாட்கள் பெரியம்மாவோடு பேசவில்லை. பேசியபோது அது பேச்சாக இல்லை.

“அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா எம்புள்ள காது போயிருக்குமா? தாடை போயிருக்குமா?”

“போயிருக்காது” என்றார் பெரியம்மா. “அன்னிக்கே அந்த ரூமுக்குப் போயிருப்பான். இப்பவும் அந்த ரூம்லதான் இருக்கான். நடுவுல அடி மட்டும் கூட.”

“நான் வாயைத் திறந்ததாலதான்னு சொல்ல வர்றியா?”

“நான் ஒண்ணும் சொல்ல வரல. நீ அம்மா. புள்ள அழுதா கத்தத்தான் செய்வ. அதைக் கணக்குல எடுக்காதது நான்.”

அம்மா எதிர்பார்த்தது சண்டை. சண்டை கிடைக்காததால் தரையில் உட்கார்ந்து அழுதார். பெரியம்மா பக்கத்தில் உட்காரவில்லை. எட்டியே நின்றார்.

இப்போது பெரியம்மாவும் எங்களைப் போலவே பார்வையாளர் வரிசையில் நிற்கிறார். அந்த வரிசையில் நிற்கும் பெண்கள் பலருக்கு அவரைத் தெரியும்.

“என் வீட்டுக்காரரைச் சிவப்புல தள்ளின மகராசி இவங்கதான். நல்லா நிக்கட்டும்” என்று ஒரு பெண் சத்தமாகவே சொன்னார்.

“உங்க வீட்டுக்காரரு நாலு பேரு மண்டையை உடைச்சாரு. என் பையனை நீலத்துல போட்டு மருந்து குடுக்க வெச்சதும் இவங்கதான்” என்று பின்னாலிருந்து இன்னொரு பெண் பதில் கொடுத்தார்.

“உனக்கு நல்லது செஞ்சா எனக்கும் நல்லவங்களா?”

பெரியம்மா இரண்டு பக்கமும் திரும்பவில்லை. வெயிலில் நின்றார். ஒருமுறை மட்டும் என்னிடம், “ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்” என்றார்.

சாம்பல் பட்டைக்காரர்களைப் பார்க்க வலை இல்லை. கண்ணாடித் தடுப்பும் ஒரு ரிசீவரும். அண்ணன் கேட்கிற காதில் வைத்துக்கொள்வான். முதல் சில வாரங்கள் கதவைத் தட்டுவேன், கத்துவேன் என்று சொன்னான். தட்டினால் இன்னொரு தவறு என்று எழுதுவார்களாம். பிறகு தட்டுவதில்லை என்றான். பிறகு பேச்சே குறைந்துவிட்டது. இளைத்துவிட்டான். தாடை கோணலாகக் கூடியிருக்கிறது. நான் பழைய கேலிகள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மரியாதைக்குச் சிரிப்பது போலச் சிரித்தான்.

போன தடவை நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். அம்மா, “சாப்பிடறியாடா?” என்று கேட்டார். தலையாட்டினான். பெரியம்மா ரிசீவரை வாங்கி காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். கடைசியில் அண்ணன்தான் பேசினான். அவன் சொன்னதை அவர் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார்.

“இனிமே யாரும் வராதீங்க பெரியம்மா. நீங்க வந்தா கதவைத் தொறக்கறாங்க. போனதும் திரும்பச் சாத்தறாங்க. அந்தச் சாத்தற சத்தம்தான் தாங்க முடியல. வராம இருந்தா அது ஒரேயடியா சாத்தியே கிடக்கும். பழகிரும்.”

பஸ் நிறுத்தத்தில் அம்மா, “அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், நான் வருவேன்” என்றார். பெரியம்மா தலையை அசைத்தார். “கேட்டதைக் குடுப்போம். அவன் கேக்கறதுல நம்மால முடியறது அது ஒண்ணுதான்” என்றார். அடுத்த வாரம் நாங்கள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. வழக்கு எப்போது எடுக்கப்படும் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. போகாமல் இருப்பது அவனுக்கு நல்லதா, அல்லது நாங்களும் அவனை அந்த அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டோமா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பார்வையாளர் நாள் வந்தால் மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். படித்ததோடு விட்டுவிடாதீர்கள். சிறை வாசல் பெஞ்சுகளில் காத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள், உள்ளே இருப்பவரைத் தேற்றும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வார்கள். பெரியம்மாவைப் போல ஒரு மேசையில் உட்கார்ந்து மனிதர்களைப் பிரிக்கும் யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களிடமும் கொடுங்கள். அடியும் விழாத, ஆளையும் தனியாகப் போட்டுப் பூட்டாத ஓர் அறை அவர்களுடைய சிறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது எங்கே என்று எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.